வெறும் மேசையின் துடிப்பு

என் குமாருக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. நானும் அப்பாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். நீ கேட்கவில்லை என்றாலும் நானாகச் சொல்லிவைக்கிறேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் உன் ஆபீஸ் மெஷினைப் பற்றி. உங்கள் தொழிற்சாலை உலையின் சூடு மின்சாரமாக மாறிக் கம்பி வழியே வருகிறதாம், வருகிற வழியில் மோட்டாரும் வெல்டிங்கும் அதில் குப்பையைக் கொட்டுகின்றனவாம், அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற எண்ணாக மாற்றுவதற்கு முன்னால் வடிகட்டியாக வேண்டுமாம், அந்த வடிகட்டியை நீயே செய்து உன் மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தாராம். சந்தோஷம். மிச்சமிருந்த அரைப் பக்கத்தில், போகிற போக்கில், வித்யாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது என்று ஒரு வரி. உன்னை எந்த நேரத்தில் பெற்றேனோ!

அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தாய். நீ என் வயிற்றில் இருந்தபோது நான் லேபில் மெஷின் வைத்து உன் இதயத் துடிப்பை எண்ணினேனே, அதை முழுசாக எழுதி அனுப்ப வேண்டும், வித்யாவுக்குப் படித்துக் காட்டப் போகிறாய் என்று. இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஸ்கூலில் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் மற்ற பிள்ளைகள் அம்மா சுடும் தோசையைப் பற்றி எழுதினார்கள். நீ மட்டும் 'டாக்டரே கைவிட்ட என்னை என் அம்மா மெஷின் வைத்துக் கண்டுபிடித்தாள்' என்று எழுதினாய். உன் டீச்சர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினபோது நான் சிரித்துக்கொண்டே வாங்கிப் படித்தேன். திருத்தவில்லை. இன்று திருத்துகிறேன். இதை முதலில் நீ தனியாகப் படி. வித்யாவுக்கு இப்போது படித்துக் காட்டாதே. குழந்தை பிறந்து, அவள் எழுந்து நடமாடிய பிறகு உன் இஷ்டம்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. எனக்குத் திருச்சியில், பாலக்கரைப் பக்கம், ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். எங்கள் லேபுக்கு ஒரு கவுன்ட்டர் வாங்கினார்கள். கதிரியக்கத்தை அளக்கும் கருவி. பார்க்கத் தகரப் பெட்டிதான், முகப்பில் வட்டமான கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஓர் ஆரஞ்சுப் புள்ளி எரியும். உள்ளே ஒரு மின்துடிப்பு வந்தால் புள்ளி ஓர் இடம் தாவும். ஒரு சுற்று முடிந்தால் பக்கத்துக் குழாயின் புள்ளி ஓர் இடம் தாவும். முள் இல்லை, சத்தம் இல்லை. கண்ணாடிக்குள் ஒரு தணல் துணுக்கு தானாக நடந்து போவதுபோல இருக்கும். மாணவிகள் அதைச் சுற்றி நின்றால் மணி அடித்தாலும் நகர மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டாஃப் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லேப் அட்டெண்டர் ஞானம்மா வாசலில் வந்து நின்றாள். எதற்கும் சட்டென்று பயப்படுகிறவள் அல்ல.

"டீச்சர், லேப்ல யாரும் இல்ல. அது பாட்டுக்கு எண்ணிட்டிருக்கு."

"என்னத்த எண்ணுது?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

போய்ப் பார்த்தேன். கதிரியக்கப் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லை. பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. எதுவும் இல்லாவிட்டாலும் ஆகாயத்திலிருந்தும் கல்லிலிருந்தும் வருகிற கதிர்கள் கொஞ்சம் எண்ணப்படும், அது எனக்குத் தெரியும். ஆனால் இது அப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. புள்ளி சும்மா இருக்கும், திடீரென்று ஒரு கூட்டமாகத் தாவும், மறுபடி சும்மா இருக்கும். யாரோ பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது. ஹாஸ்டல் பெண்கள் இரண்டே நாளில் அதற்கு ஓர் ஆவியையும், அந்த ஆவிக்கு ஒரு காதல் தோல்வியையும் கட்டிவிட்டார்கள். எனக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது, கோபம்தான் வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நெல் அரவை மில். அங்கே பெரிய மோட்டாரின் ஸ்விட்சைப் போடுகிறபோதெல்லாம் தெறிக்கிற பொறி மின்சாரக் கம்பி வழியே வந்து எங்கள் கவுன்ட்டரில் விழுந்தது. ஒரு கண்டென்சரும் ரெசிஸ்டன்ஸும் வாங்கிக் கவுன்ட்டருக்கு முன்னால் வைத்தேன். வெட்டிக்கொண்டு வரும் பொறியைக் கண்டென்சர் விழுங்கிவிடும். புள்ளி அடங்கிவிட்டது. பெண்களுக்கு ஏமாற்றம். ஞானம்மா மட்டும் பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "தொரத்தி விட்டுட்டீங்க டீச்சர். எங்க போச்சோ."

நீ இன்று பெரிதாகச் செய்கிற வேலையின் சின்ன உருவம்தான் அது. ஏன் முன்னாலேயே வடிகட்ட வேண்டும் என்று உன் கடிதத்தில் எனக்கே பாடம் எடுத்திருந்தாய். என் மாணவிகளுக்கு நான் சொன்னது இது: மின்துடிப்பாக இருக்கிறவரை ஒவ்வொன்றுக்கும் உயரம் உண்டு, அகலம் உண்டு, முகம் உண்டு. கவுன்ட்டருக்குள் போய் எண்ணாகிவிட்டால் எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று. நல்லது எது, குப்பை எது என்று அதற்கப்புறம் அந்த ஆண்டவனாலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்வேன். எதையும் அளப்பதற்கு முன்னால் எதையும் வைக்காமல் ஒருமுறை எண்ணு. அதற்கு பேக்ரவுண்ட் என்று பெயர். ஒன்றுமே இல்லாதபோது எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தான் ஏதாவது இருக்கும்போது வருவதை நம்பலாம். பேக்ரவுண்ட் எடுக்காமல் கவுன்ட் எடுத்து வந்த பெண்களின் ரெக்கார்டைப் பார்க்காமலே திருப்பிக் கொடுப்பேன். ராட்சசி என்று பெயர் வாங்கினதே அதனால்தான்.

உனக்கு முன்னால் எனக்கு ஒன்று தங்காமல் போயிற்று, அது உனக்குத் தெரியும். அதனால் நீ வந்தபோது நாங்கள் வாய்விட்டுச் சந்தோஷப்படவே பயந்தோம். ஏழாம் மாதத்தில் எனக்குக் காலும் முகமும் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறியது. அதோடு நீ அசைவதை நிறுத்தினாய். அதை எப்படிச் சொல்வது? பக்கத்து அறையில் ஓயாமல் ஓடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று சத்தமில்லாமல் போனால் ஒரு தாய் எப்படி எழுந்து ஓடுவாள்? எனக்கு ஓட இடம் இல்லை, அந்த அறை எனக்குள் இருந்தது. நடந்தேன், படுத்தேன், குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், வயிற்றைத் தட்டினேன். பதில் இல்லை.

புத்தூர்ப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷி, கறாரானவர். மரக் குழலை என் வயிற்றில் அழுத்தி, அதன் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார்.

"சத்தம் கேக்கல. எனக்குக் கேக்கலங்கறதால இல்லைன்னு அர்த்தம் இல்ல. ஆனா இவங்க பிரஷர் இப்படியே போனா இவங்களுக்கே ஆபத்து. நாளான்னிக்கு வந்து சேர்ந்துடுங்க, வலி வர ஊசி போட்டு எடுத்துடலாம்."

"உயிரோட இருந்தா, டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"இருந்தாலும் இந்த மாசத்துல வெளிய வந்தா நிக்காதும்மா. இன்னும் ஒரு ரெண்டு மூணு வாரம் உள்ள இருந்தாத்தான் ஏதாவது. இருக்குன்னு தெரிஞ்சா நானே ரிஸ்க் எடுத்துக் காத்திருப்பேன். தெரியலையே."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் எனக்குள் சுற்றியது. தெரியவில்லை. காதுக்குத் தெரியாததை எண்ணிக் காட்டும் பெட்டி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றிற்று.

மறுநாள் வைகுண்ட ஏகாதசி. கல்லூரிக்கு உள்ளூர் விடுமுறை, அது எனக்கு வசதியாகப் போயிற்று. காலையில் அப்பாவும் நானும் ஒரு ஜட்காவில் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் மொத்த ஜனமும் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. ஈரத் தலையும் நாமமும் குழந்தைகளுமாக எல்லாரும் சொர்க்கவாசலைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்குள் போக, நாங்கள் மட்டும் வெளியே போனோம். என் வயிற்றைப் பார்த்த ஒரு அம்மாள், "இந்த நாள்ல ஊரை விட்டு எங்கம்மா போறே?" என்று கேட்டாள். அப்பா குதிரைக்காரரை வேகமாக ஓட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் முகங்கள் எங்களைக் கடந்து பின்னால் போய்க்கொண்டே இருந்தன. உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் போகிறார்கள், நாம் வேறு பக்கம் போகிறோம் என்று நினைத்தேன்.

ஞானம்மாவிடம் சாவி வாங்கி லேபைத் திறந்தோம். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போன்ற ஒரு கிண்ணத்தை ரப்பர்க் குழாயால் கல்லூரி மைக்கோடு இணைத்தேன். மைக்கிலிருந்து விழா நாட்களில் பாட்டுப் போடும் ஆம்ப்ளிஃபையர், அதற்கு அப்புறம் நான் கட்டிய வடிகட்டி, அதற்கும் அப்புறம் கவுன்ட்டர். நீளமான தேக்கு மேசையின் மேல் ஒரு ஜமக்காளத்தை விரித்து நான் படுத்துக்கொண்டேன். அப்பா கிண்ணத்தை என் வயிற்றில் பிடித்துக்கொண்டார். தலையைத் திருப்பினால் புள்ளி தெரியும்.

முதலில் புள்ளி பைத்தியம் பிடித்ததுபோல் சுழன்றது. மின்சாரத்தின் உறுமல், என் மூச்சு, குடலின் இரைச்சல், அப்பாவின் கை உராய்வது, எல்லாம் எண்ணாகிக்கொண்டிருந்தன. காதில் ஹெட்ஃபோன் வைத்துப் பார்த்தேன், ஒரே உறுமல். ஒவ்வொன்றாக அடைத்தேன். இதயம் ஒரு துடிப்புக்கு இரண்டு சத்தம் போடும், அதை இரண்டாக எண்ணிவிடாமல் ஒன்றாகக் குழைக்க இன்னொரு கண்டென்சர். கடைசியில் புள்ளி நிதானப்பட்டு ஒரு தாளத்தில் நடக்க ஆரம்பித்தது. அப்பா, "இருக்கும்மா, இருக்கு!" என்று கத்திவிட்டார். நான் என் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். புள்ளி ஒவ்வொரு முறை தாவும்போதும் என் நாடி விரலில் இடித்தது. அது நான். எண்பதுக்குப் பக்கத்தில் துடிக்கிற என் சொந்த ரத்தம். உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை அவரிடம் சொன்னது என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் ஒன்று.

ஆக, முதலில் அடைக்க வேண்டியது என்னைத்தான். பெரியவர்களின் துடிப்பு மந்தமானது, சிசுவின் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று இருபதுக்கு மேல், துரிதமாகவும் மெலிசாகவும் இருக்கும். வடிகட்டியை மேலே நகர்த்தினேன். நகர்த்த நகர்த்தப் புள்ளி தயங்கியது, விட்டுவிட்டுத் தாவியது, பிறகு நின்றுவிட்டது. லேபில் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு குழாய்க்குள் ஆரஞ்சுப் புள்ளி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. என்னை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா, "போதும்மா, எந்திரி" என்றார். எனக்கு எழுந்துகொள்ள முடியவில்லை. கையை நீட்டி ஆம்ப்ளிஃபையரின் திருகை அது போகிற மட்டும் திருகினேன்.

புள்ளி தாவியது. நின்றது. மறுபடி தாவியது. பிறகு நிற்கவே இல்லை. வேகமாக, சீராக, என் நாடியோடு சேராமல் நடந்தது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம், நிமிடத்துக்கு நூற்று முப்பதைத் தாண்டியது. நம்ப பயமாக இருந்தது. இதிலும் நான் கலந்திருக்கக்கூடாது என்று ஒரு சோதனை செய்தேன். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் மெதுவாக ஏறி இறங்கிவிட்டு வந்து படுத்தேன். என் நாடி மூச்சுமுட்ட ஏறியிருந்தது. புள்ளி ஏறவில்லை, தன் வேகத்திலேயே நடந்தது. என்னுடையது இல்லை! அப்பா கிண்ணத்தைப் பிடித்தபடியே அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்லப்போவது தெரியாதது.

கண்ணைத் துடைத்துக்கொண்ட அப்பா, பொன்மலையில் இயந்திரத்தோடு பழகினவர் இல்லையா, சாதாரணமாகக் கேட்டார்: "இதை ஒரு தடவ எடுத்து வெறும் மேசை மேல வச்சுப் பாத்துடலாமா?"

பேக்ரவுண்ட். நான் வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தின அதே பேக்ரவுண்ட். அன்று காலையிலிருந்து எத்தனையோ அடைத்தேன், கூட்டினேன், குறைத்தேன். அதை மட்டும் எடுக்கவில்லை. அவசரத்தில் மறந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை குமார். அவர் கேட்டபோது கிண்ணம் என் வயிற்றில் இருந்தது, மேசை ஒரு சாண் தள்ளி இருந்தது. "வேண்டாங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, வேண்டாம்" என்று ஸ்விட்சை அணைத்தார். பயந்தேன். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம் போனோம். அவர் மறுபடியும் குழலை வைத்துக் கேட்டார், மறுபடியும் தலையை ஆட்டினார். "அது உன் நாடியா இருக்கும்மா. ஆசைப்பட்டா எதுவும் கேக்கும்." நான் மாடிப்படி ஏறி இறங்கினதைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்தார். "படிச்ச பொண்ணு, கணக்காச் சொல்றே. உன் மெஷினை நம்பி ஒரு வாரம் தரேன். இங்கேயே சேர்ந்துடு, பிரஷர் ஏறினா ஒரு மணி நேரம்கூடக் காக்க மாட்டேன்." அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் நீ என் விலா எலும்பில் ஓங்கி உதைத்தாய். குழலிலும் கேட்டது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஜெயிச்சேம்மா" என்றார். மாசியில், மாதம் நிறையாமல், ஒரு பூனைக்குட்டி அளவில் நீ பிறந்தாய்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது பெண்களெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டு அந்த மெஷினைக் காட்டச் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான். மத்தியான வகுப்பில் அதே இணைப்புகளைக் கொடுத்தேன். இப்போது பயப்பட ஒன்றும் இல்லை, நீ பிறந்து வீட்டில் என் அக்காவின் மடியில் கிடக்கிறாய். எனவே ராட்சசி டீச்சராக, "முதல்ல என்ன எடுக்கணும்?" என்று கேட்டேன். "பேக்ரவுண்ட்!" என்று கோரஸாகச் சொன்னார்கள். கிண்ணத்தை வெறும் மேசையின் மேல் வைத்து, ஆம்ப்ளிஃபையரின் திருகை அன்றுபோலவே முழுக்கத் திருகினேன்.

புள்ளி நடந்தது. அதே நடை. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது, கைக்கடிகாரம் வெறும் சடங்குதான். நூற்று முப்பதைத் தாண்டி, அதே சீரான வேகம். மேசையில் யாரும் இல்லை. நீ காவிரிக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறாய், இங்கே உன் துடிப்பு எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது. பெண்கள் சிரித்தார்கள், "டீச்சர், மேசை மாசமா இருக்கா?" என்று ஒருத்தி பின்னாலிருந்து கேட்டாள். ஞானம்மா சிரிக்கவில்லை. "திரும்பி வந்துருச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். நான் அவளை அதட்ட வாயைத் திறந்தேன். அப்போது புள்ளி நின்றது.

திடீரென்று, ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவில், நின்றே போயிற்று. நான் பௌதிகம் படித்தவள். அது நீ இல்லை என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டவள். இருந்தும் வகுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். செருப்பு லேபிலேயே கிடந்தது. பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் வந்தேன். வீட்டுக்குள் பாய்ந்து உன்னை அக்காவின் கையிலிருந்து பிடுங்கி உன் நெஞ்சில் காதை வைத்தேன். நீ அலறி எழுந்து என் காதுக்குள்ளேயே அழுதாய். "என்னடி ஆச்சு, பேயடிச்ச மாதிரி வரே?" என்றாள் அக்கா. வெயில் என்றேன்.

மறுநாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் நடந்தது, மத்தியானம் நேற்று நின்ற அதே நேரத்தில் நின்றது, அரை மணி கழித்துத் திரும்ப நடந்தது. காம்பவுண்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன், அதே துடிப்பு கைக்கு வந்தது. மில்லின் நீளமான பெல்ட்டில் இரு முனையையும் சேர்த்துத் தைத்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தில் அறைகிறது. அந்த அடி சுவர் வழியாக, தரை வழியாக, மேசைக் கால் வழியாக ஏறி வருகிறது. எத்தனையோ நாள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று பாடம் எடுத்ததால் என் காதுக்கு அது தெரியவே இல்லை. மில் கம்பி வழியாக வருவதை அடைத்த நான், தரை வழியாக வருவதை அடைக்கவில்லை. மாடிப்படி ஏறி நான் நிரூபித்தது அது என்னுடையது இல்லை என்பதை மட்டும்தான். என்னை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நீ என்று நானாக முடிவு கட்டினேன்.

அப்படியென்றால் டாக்டரம்மா எனக்குக் கொடுத்த அந்த ஒரு வாரம் ஒரு நெல் மில்லின் பெல்ட்டுக்குக் கொடுத்ததா? இருக்கலாம். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி. ஊரே அடைத்துக் கிடந்தது. மில் ஓடியதா? ஓடியிருந்தால் நான் எண்ணினது மில்லை. ஓடவில்லை என்றால் நான் எண்ணினது உன்னை, பெல்ட்டும் நீயும் ஒரே வேகத்தில் துடித்தது தற்செயல். சுவருக்கு அந்தப் பக்கம் போய், பெல்ட்டைக் கவனிக்கிற இப்ராகிம் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்டைவரை ஒருமுறை போனேன். "வாங்க டீச்சரம்மா, பிள்ள நல்லா இருக்கானா?" என்று அவரே கேட்டார். நல்லா இருக்கான் பாய் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த வருஷம் நீ ஒரு தினுசான பிள்ளையாக இருந்தாய். ஸ்ரீரங்கத்து வீட்டில் எவ்வளவு ஆட்டினாலும் தூங்க மாட்டாய். அக்கா ஊருக்குப் போன நாட்களில் உன்னைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ஞானம்மா உன்னை லேபின் பின் மூலையில் புடவையால் ஏணை கட்டிப் போடுவாள், போட்ட மாத்திரத்தில் கண்ணை மூடிவிடுவாய். மில் நின்றால் விழித்துக்கொள்வாய். வயிற்றில் இருந்தபோது என்னோடு தினமும் அந்த அறையில் நின்றவன்தானே, அந்த அதிர்வு பழகியிருக்கும் என்று நான் காரணம் சொல்லிக்கொள்வேன். காரணம் சரியானதுதான். ஆனாலும் ஏணைக்குப் பக்கத்தில் நின்று, உன் நெஞ்சு ஏறி இறங்குவதையும் சுவரின் அதிர்வையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஏணையை ஒருமுறை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன்.

உனக்கு இதையெல்லாம் எழுதுவது உன் வேலையைக் குறை சொல்ல அல்ல. நீ நன்றாக வடிகட்டுவாய், என்னைவிட நன்றாகவே. எதை அடைத்தாய் என்பது உனக்கு எப்போதும் தெரியும். மிச்சம் இருக்கிறதே, அது நீ தேடினதுதானா என்று மட்டும் ஒருமுறை வெறும் மேசையைக் கேட்டுவிடு. உலைக்கு அதைச் செய், தவறாமல் செய். வித்யாவுக்கு உடம்பில் ஏதாவது என்றால் மெஷினோடு நிற்காதே. அவள் பக்கத்தில் உட்கார். அவள் பயந்தால் நீயும் பயந்துகொள், அதில் ஒன்றும் கேவலம் இல்லை. உன் அப்பா அன்றைக்கு ஸ்விட்சை அணைத்தாரே, அதைவிடப் பெரிய உதவியை எனக்கு யாரும் செய்ததில்லை.

மில்லை இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். இப்ராகிம் பாய் அதற்கு எதிரிலேயே டீக்கடை வைத்திருக்கிறார். கண் மங்கிவிட்டது, ஞாபகம் மட்டும் கெட்டி; எந்த வருஷம் எந்த நாள் எந்த பெல்ட் அறுந்தது என்று இன்றும் சொல்வார். ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பா தினமும் பஸ் ஏறிப் போய் அங்கேதான் டீ குடிக்கிறார். ஸ்ரீரங்கத்தில் இல்லாத டீயா என்று நான் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்று படித்தார். "பாய்கிட்ட நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றேன். என் தோளில் கையை வைத்தார். "அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டியேம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அடுத்த மாதம் நீ வரும்போது அப்பா உன்னையும் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். இது உன் உயிரைப் பற்றிய கேள்வி, கேட்கிற உரிமை உனக்கு உண்டு. கேட்பதானால் கேள். கேட்டுவிட்டு வந்தால், பதில் எதுவாக இருந்தாலும், என்னிடம் சொல்லாதே. கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார். நீ சாப்பிடுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா